வாழப்போகின்றவரிடம் கேட்டு வீடு வரைந்தவர்: கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்பது எம்மவர் மத்தியில் நீண்டகாலமாக வழங்கிவரும் முதுமொழியாகும். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் உழைப்பையும் பொறுமையையும் ஒருசேர விழுங்கிவிடும் காரியம் வீடு கட்டுவது என்பதையே நம் முன்னோர் இவ்வாறு சொல்லிவைத்தனர். ஆனால், தனக்குரிய வீடு எவ்வாறு அமைய வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்துக்கொள்ளும் வாய்ப்பு இந்நாட்டில் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. தலைமுறை தலைமுறையாக லயன் அறைகளில் வாழ்ந்துவந்த மலையக மக்களுக்கும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் வாழ்வைத் தொடங்க நேர்ந்த முஸ்லிம் மக்களுக்கும், யுத்தத்தினாலும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையினாலும் வீடிழந்த கரையோர மக்களுக்கும் வீடு என்பது பெரும்பாலும் வேறு எவரோ, வேறெங்கோ இருந்து வரைந்தனுப்பிய ஒரு படமாகவே இருந்துவந்துள்ளது.

வீட்டில் வாழப்போகின்றவர்களின் பேச்சைக் கேட்ட பின்னரே வரைபடத்தில் கைவைக்க வேண்டும் என்பதை 1950களிலேயே செயலில் காட்டிய ஒருவர் இந்நாட்டில் வாழ்ந்தார். அவர் ஒரு பெண். கண்டியில் பிறந்து, உலகின் பல நகரங்களைக் கண்டு, மீண்டும் கண்டிக்கே திரும்பி, அங்கேயே வறுமையிலும் தனிமையிலும் மறைந்தவர். இலங்கையின் நவீன கட்டடக்கலை என்றதும் ஜெப்ரி பாவாவின் பெயரே பலரதும் நினைவுக்கு வருகின்றது. அப்பெயருக்கு முன்பாக எழுதப்பட வேண்டிய பெயர் மினெட் டி சில்வா என்பதாகும்.

வாக்குரிமைக்காகக் குரல் கொடுத்த இல்லம்

மினெட் டி சில்வா 1918 ஆம் ஆண்டு பெப்ரவரி 1 ஆம் திகதி கண்டியில் பிறந்தார். தந்தையார் ஜோர்ஜ் ஈ. டி சில்வா சிங்கள பௌத்தர், சட்டத்தரணி. இலங்கைத் தேசிய காங்கிரஸின் தலைவராகவும், அரசாங்க சபைக் காலத்தில் சுகாதார அமைச்சராகவும் பதவி வகித்தவர். தாயார் அக்னஸ் நெல் பறங்கியர் இனத்தைச் சேர்ந்த கிறிஸ்தவர். இரு வேறு இனங்களும் இரு வேறு சமயங்களும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த இல்லம் அது. கண்டியில் செயின்ட் ஜோர்ஜஸ் என்ற பெயரைத் தாங்கி நின்ற அவ்வீடு, அரசியல்வாதிகளும் கலைஞர்களும் வந்துபோகும் இடமாக விளங்கியது.

அக்னஸ் டி சில்வாவைப் பற்றி இவ்விடத்தில் சற்று விரிவாகக் குறிப்பிடுவது அவசியமாகும். 1927 டிசம்பரில் அமைக்கப்பட்ட பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர் அவரே. மறு ஆண்டு டொனமூர் ஆணைக்குழுவின் முன் அச்சங்கத்தினர் சாட்சியமளித்த போது, தோட்டங்களில் கூலி வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்ற வினா எழுப்பப்பட்டது. அவர்களும் பெண்களே, ஆகவே அவர்களுக்கும் வேண்டும் என்று அக்னஸ் தயக்கமின்றிப் பதிலளித்தார். படித்த மேட்டுக்குடி ஆண்களிற் பலரே சர்வஜன வாக்குரிமையை அச்சத்துடன் நோக்கிய காலம் அது. கொழுந்து பறிக்கும் கைகளும் வாக்களிக்கலாம் என்று கண்டியிலிருந்து சென்ற ஒரு பெண் கூறியமையை மலையகத் தமிழர் மறந்துவிடலாகாது. 1931 இல் நடைமுறைக்கு வந்த வாக்குரிமை, சுதந்திரத்தைத் தொடர்ந்து இயற்றப்பட்ட சட்டங்களின் மூலம் அதே மக்களிடமிருந்து பறிக்கப்பட்டமை வேறொரு வரலாறாகும்.

இத்தகைய தாயின் மகள், ஆண்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட ஒரு தொழிலைத் தேர்ந்தெடுத்தமை வியப்புக்குரியதன்று. எனினும், கட்டடக் கலைஞராக வேண்டும் என்ற எண்ணத்தை வீட்டார் உடனடியாக ஏற்றுக்கொள்ளவில்லை. தந்தையையும் தாய்வழி மாமனையும் இணங்கவைக்க அவர் பெரிதும் போராட வேண்டியிருந்தது. இலங்கையில் அன்று கட்டடக்கலையைப் பயில்வதற்கு வசதி இருக்கவில்லை. ஆகவே அவர் பம்பாய்க்குப் பயணமானார்.

பம்பாயில் கற்ற இரு பாடங்கள்

பம்பாயில் மினெட் இரு வழிகளில் கற்றார். மிஸ்திரி அன்ட் பெத்வார் என்ற கட்டடக்கலை நிறுவனத்தில் பயிலுநராகத் தொழிலைப் பழகினார். இந்தியாவில் கட்டடக்கலைப் பட்டம் பெற்ற முதற் பெண்களில் ஒருவரான பெரின் மிஸ்திரியின் நட்பு அவருக்குக் கிட்டியது இங்கேதான். அத்துடன் ஜே.ஜே. கலைக் கல்லூரியிலும் சேர்ந்து பயின்றார்.

ஆனால், அன்றைய பம்பாய் வகுப்பறையோடு அடங்கிவிடும் நகரமாக இருக்கவில்லை. வெள்ளையனே வெளியேறு இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்த 1942 ஆம் ஆண்டில், காந்தியடிகளின் விடுதலையைக் கோரி நடந்த ஊர்வலத்தில் மினெட்டும் கலந்துகொண்டார். கல்லூரி நிருவாகம் மன்னிப்புக் கடிதம் கேட்டது. எழுத மறுத்த அவர் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பட்டத்தை இழந்தாலும் பணிந்து எழுதுவதில்லை என்ற அந்த முடிவு, பின்னாளில் அவரது தொழில் வாழ்க்கை முழுவதையும் இயக்கிய பிடிவாதத்தின் முதல் அடையாளம் எனலாம்.

அதன் பின்னர் பெங்களூரில் ஒட்டோ கோனிக்ஸ்பேர்கரின் அலுவலகத்தில் பணியாற்றும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. நாஜி ஆட்சியின் யூத விரோதத்தினால் ஜேர்மனியை விட்டு வெளியேறி, மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக விளங்கிய அவர், வெப்ப நாடுகளுக்கேற்ற கட்டட அமைப்புப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர். வெயிலும் மழையும் காற்றும் ஒரு கட்டடத்தின் வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்ற தெளிவு மினெட்டுக்கு இத்தகையோரின் சூழலில் வலுப்பெற்றது.

இக்காலத்தின் மற்றொரு முக்கிய நிகழ்வு 1946 இல் பம்பாயில் தொடங்கப்பட்ட மார்க் என்ற கலை இதழாகும். எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்த் அதன் ஆசிரியராக விளங்க, மினெட்டும் அவரது சகோதரி அனில் டி சில்வாவும் அதன் தொடக்கத்தில் பங்குகொண்டனர். இந்திய மக்கள் நாடக மன்றத்தின் பொதுச் செயலாளராகவும் விளங்கிய அனில், பிற்காலத்தில் கலை வரலாற்று ஆசிரியராகப் புகழ் பெற்றவர். சுதந்திரத்தின் வாசலில் நின்ற ஒரு தலைமுறை, தனது நாட்டின் புதிய கட்டடங்கள் எவ்வாறு அமைய வேண்டும் என்று தனக்குள்ளே விவாதித்துக்கொண்ட களமாக அவ்விதழ் அமைந்தது.

போருக்குப் பின்னரான ஐரோப்பா

இரண்டாம் உலகப் போர் முடிவடைந்ததும் மினெட் லண்டன் சென்று, கட்டடக்கலைச் சங்கக் கல்லூரியில் தமது கல்வியைத் தொடர்ந்தார். 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினராகத் தெரிவானார். அத்தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவரே.

குண்டுவீச்சினால் சிதைந்து கிடந்த ஐரோப்பிய நகரங்களை மீளக் கட்டியெழுப்புவது எவ்வாறு என்பதே அன்றைய கட்டடக் கலைஞர்களின் பெருங்கவலையாக இருந்தது. நவீன கட்டடக்கலையின் முன்னோடிகள் ஒன்றுகூடிய சர்வதேச மாநாட்டின் போருக்குப் பின்னரான முதலாவது அமர்வு 1947 இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வோட்டர் நகரில் நடைபெற்றது. மினெட் அதில் இந்தியாவையும் இலங்கையையும் பிரதிநிதித்துவப்படுத்திக் கலந்துகொண்டார். அக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரான லெ கொர்பூசியேயுடன் அவருக்கு ஏற்பட்ட நட்பு, அக்கலைஞர் 1965 இல் மறையும் வரை கடிதங்களின் மூலம் நீடித்தது. 1948 இல் போலந்தின் விரொஸ்லாவ் நகரில் நடந்த உலக அறிஞர் மாநாட்டிலும் அவர் பங்குபற்றினார். ஓவியர் பிக்காசோவுடன் சேலையணிந்த இளம் இலங்கைப் பெண்ணொருவர் நிற்கும் புகைப்படம் அங்கு எடுக்கப்பட்டதாகும்.

மினெட்டைப் பற்றி எழுதும் பலர் இந்த நட்புகளையும் புகைப்படங்களையும் விரிவாகப் பேசி, அவரது கட்டடங்களைச் சுருக்கமாகக் கடந்துவிடுவதுண்டு. பெண்ணொருவரின் வாழ்வை, அவர் அறிந்திருந்த ஆண்களைக் கொண்டே அளந்துவிடும் பழக்கத்தின் வெளிப்பாடு இது. அவரது உண்மையான பணி, ஐரோப்பாவை விட்டு அவர் வீடு திரும்பிய பின்னரே தொடங்கியது.

மலைச்சரிவோடு ஒத்துப்போன வீடு

சுதந்திரம் பெற்ற நாட்டுக்குத் திரும்பிய மினெட், தலைநகரில் அலுவலகம் திறக்கவில்லை. கண்டியில் பெற்றோரின் செயின்ட் ஜோர்ஜஸ் இல்லத்திலேயே தமது தொழிலைத் தொடங்கினார். நாட்டில் அன்று விரல்விட்டு எண்ணக்கூடிய கட்டடக் கலைஞர்களே இருந்தனர். பெரும் பணிகள் வெள்ளையர் நடத்திய நிறுவனங்களிடமே சென்றன. ஆண் பங்காளி எவருமின்றி, எந்த நிறுவனத்தின் நிழலிலும் நிற்காமல், ஒரு பெண் தனியாகத் தொழில் நடத்துவதை ஒப்பந்தகாரர்களும் மேசன்மாரும் வாடிக்கையாளர்களும் ஐயத்துடனேயே பார்த்தனர்.

அவரது முதற் கட்டடம் 1949 க்கும் 1951 க்கும் இடையில் கண்டியில் எழுந்த கருணாரத்ன இல்லமாகும். பெற்றோரின் நண்பர்களான ஒரு தம்பதியினருக்காக அமைக்கப்பட்ட இவ்வீட்டின் நிலம் மலைச்சரிவில் அமைந்திருந்தது. சரிவை வெட்டிச் சமப்படுத்தி, அதன்மேல் கட்டடத்தை ஏற்றிவைப்பதே வழக்கமாக இருந்தது. மினெட் மலையை வெட்டவில்லை. வீட்டையே வெவ்வேறு மட்டங்களில் பிரித்து, நிலத்தின் சாய்வோடு படிப்படியாக இறங்கச் செய்தார். கொங்கிரீட்டும் கண்ணாடியும் அங்கு பயன்படுத்தப்பட்டன. ஆயினும், அவற்றின் அருகே கண்டி நாட்டின் கைவினைகளும் சம அந்தஸ்துடன் இடம்பெற்றன. தும்பறைப் பள்ளத்தாக்கின் நெசவாளர் பின்னிய பாய்கள் கதவுகளின் பலகங்களாயின. கண்டிய நடன உருவங்கள் பதிக்கப்பட்ட சுடுமண் ஓடுகள் செய்விக்கப்பட்டன. கண்டியில் பிறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற் வரவேற்பறைக்குச் சுவரோவியம் தீட்டினார்.

இவை அழகுக்காக ஒட்டப்பட்ட அலங்காரங்கள் அல்ல. இதன் பின்னணியில் தெளிவான ஒரு பொருளாதாரச் சிந்தனையும் இருந்தது. தமிழரான சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, 1908 இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில், கண்டிய கைவினைஞர்களின் நுட்பங்கள் அந்நிய ஆட்சியில் ஆதரவிழந்து அழிந்துவருவதை விரிவாகப் பதிவு செய்திருந்தார். நூதனசாலையில் வைத்துப் பாதுகாப்பதன் மூலம் ஒரு கைவினை வாழாது, அதற்கு வேலை கொடுக்கப்பட வேண்டும் என்பது மினெட்டின் நிலைப்பாடாக இருந்தது. நெசவாளருக்கும் அரக்கு வேலை செய்பவருக்கும் குயவருக்கும் புதிய வீடுகளில் நிரந்தரத் தேவையொன்றை உருவாக்கினால், அவர்களது பிள்ளைகளும் அத்தொழிலைக் கற்பார்கள் என அவர் கருதினார்.

தமது அணுகுமுறைக்கு அவர் நவீன பிராந்தியக் கட்டடக்கலை என்று பெயரிட்டார். மேற்குலகில் உருவான நவீன வடிவங்களை அப்படியே பெயர்த்து நடுவதும் தவறு. பழைய அரண்மனைகளின் கூரைகளைப் போலி செய்து தேசியக் கலை என்று பெருமை பேசுவதும் தவறு. இடத்தின் காலநிலையும் மக்களின் வாழ்முறையும் உள்ளூர்ப் பொருட்களும் நவீன நுட்பத்தோடு இணைய வேண்டும் என்பதே அதன் சாரமாகும். கருணாரத்ன இல்லத்தைப் பற்றி 1953 இல் மார்க் இதழில் அவர் எழுதிய கட்டுரையில் இக்கருத்து இடம்பெற்றது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னர், 1980களில், மேற்கத்தேயக் கட்டடக்கலை விமர்சகர்கள் இதையொத்த சிந்தனையொன்றை முன்வைத்த போது அது பெரும் கோட்பாடாகக் கொண்டாடப்பட்டது. கண்டியிலிருந்து முன்னரே எழுதிய பெண்ணின் பெயர் அப்போது பேசப்படவில்லை.

முற்றத்தை நகரத்துக்குக் கொண்டுவந்தவர்

1950களில் கொழும்பிலும் அவருக்குப் பணிகள் கிடைத்தன. அல்பிரட் ஹவுஸ் தோட்டப் பகுதியில் 1952 முதல் 1956 வரையான காலத்தில் அவர் அமைத்த பீரிஸ் இல்லம் இவற்றுள் முக்கியமானதாகும். வீட்டைத் தூண்களின் மீது உயர்த்தி, தரைத்தளத்தை விறாந்தை போலத் திறந்துவிட்டதன் மூலம் தோட்டம் வீட்டின் அடியாகவே ஊடுருவிச் செல்லும்படி செய்தார். நடுவே வானம் தெரியும் முற்றம் அமைந்தது. மாடிப்படிகளின் கைப்பிடிகளை அரக்குக் கடைசல் வேலைப்பாடுகள் அழகுபடுத்தின. கிறகரிஸ் வீதியில் அவர் அமைத்த சேனாநாயக்க தொடர்மாடி வீடுகள், மாடிக் குடியிருப்பு என்பதே புதுமையாக இருந்த கொழும்பில் எழுந்தவையாகும்.

முற்றம் என்பது எமது வாசகர்களுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுவிலும் முற்றம் உண்டு. சிங்களவரின் வளவு வீட்டிலும் மெதமிதுல என்ற பெயரில் அது உண்டு. வெயிலைத் தணித்து, காற்றை உள்வாங்கி, வெளியாரின் பார்வை படாது குடும்பத்தினர் ஒன்றுகூட இடமளித்த இந்த ஏற்பாட்டை, ஆங்கிலேயர் காலத்து பங்களாக்கள் ஓரங்கட்டிவிட்டன. நெருக்கமான நகரக் காணிகளிலும் முற்றம் சாத்தியமே என்பதை மினெட் 1950களிலேயே காட்டினார். அந்த முற்றத்தைப் பின்னர் உலகறியச் செய்தவர் ஜெப்ரி பாவா. தந்தைவழியில் முஸ்லிம் பாரம்பரியத்தைக் கொண்டிருந்த பாவா, 1957 இல் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்று, 1960களின் தொடக்கத்தில் எனா டி சில்வாவின் இல்லத்தை அமைத்துப் புகழ் பெற்றார். பாவாவின் மேதைமையை இது எவ்விதத்திலும் குறைப்பதாகாது. ஆயினும், அவர் நடந்த பாதையில் ஏற்கனவே ஒருவர் முட்களை அகற்றிச் சென்றிருந்தார் என்பதையும் வரலாறு பதிவு செய்ய வேண்டும்.

வட்டபுளுவையில் கேட்கப்பட்ட கேள்விகள்

மினெட்டின் பணிகளுள் இன்றைய எமது நிலைமைக்கு மிக நெருக்கமானது, கண்டிக்கு அண்மையில் வட்டபுளுவ என்ற இடத்தில் அரசாங்க ஊழியர்களுக்காக அமைக்கப்பட்ட வீட்டுத் திட்டமாகும். 1958 அளவில் நிறைவுற்ற இத்திட்டத்தில் ஏறத்தாழ 250 வீடுகள் அடங்கியிருந்தன. குடியேறவிருந்தோர் ஒரே இனத்தவரோ ஒரே வருமானத்தை உடையவரோ அல்லர். வெவ்வேறு இனங்களையும் சமயங்களையும் சேர்ந்த குடும்பங்கள் அங்கே அயலவராக வாழவிருந்தன.

இத்தகைய திட்டங்களில் அதிகாரிகள் ஒரு வரைபடத்தைத் தெரிவு செய்து, அதையே நூற்றுக்கணக்கில் பிரதி செய்வதே வழக்கம். மினெட் அவ்வாறு செய்யவில்லை. குடியேறவிருந்தவர்களுக்கு வினாக்கொத்து ஒன்றை விநியோகித்தார். அவர்களைச் சந்தித்துக் கலந்துரையாடினார். குடும்பத்தின் அளவு என்ன, வருமானம் என்ன, வீட்டில் எவ்வாறு வாழ்கின்றீர்கள், எதை விரும்புகின்றீர்கள் என விசாரித்தறிந்தார். கிடைத்த பதில்களைக் கொண்டு பல்வேறு வகை வீடுகளை வரைந்து, அவற்றையும் அவரவர் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள இடமளித்தார். தமது உழைப்பைத் தாமே செலுத்திக் கட்ட விரும்பியவர்களுக்கு அதற்கும் வழி இருந்தது. நிலத்தின் ஏற்ற இறக்கமும் மரங்களும் இயன்றவரை காக்கப்பட்டன.

கேட்பதற்கு இது எளிய காரியமாகத் தோன்றலாம். ஆனால், ஒரு வீட்டின் அமைப்பு அவ்வீட்டாரின் பண்பாட்டோடு எவ்வளவு தூரம் பிணைந்தது என்பதை நாம் அறிவோம். சைவக் குடும்பமொன்றுக்குச் சாமியறை எங்கே அமைகின்றது என்பது முக்கியம். முஸ்லிம் குடும்பமொன்றுக்கு ஆண் விருந்தினர் அமரும் இடமும் பெண்கள் புழங்கும் இடமும் தனித்தனியே அமைவது முக்கியம். விறகடுப்பில் சமைப்பவருக்குப் புகை வெளியேறும் வழி முக்கியம். ஒரே அச்சில் வார்த்த வீடு இவற்றுள் எதனையும் அறியாது. கேள்வி கேட்பதொன்றே அதை அறிவதற்கான வழியாகும்.

இத்திட்டம் உருவான காலத்தையும் மறந்துவிடலாகாது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1958 மே மாதத்தில் தமிழருக்கு எதிரான வன்செயல்கள் நாட்டை உலுக்கின. அரசியல் மேடைகள் மக்களை இனரீதியாகப் பிரித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஒரு கட்டடக் கலைஞர் பல இனத்தவரும் அருகருகே வாழ்வதற்கான வேலிகளையும் வாசல்களையும் ஓர் உடன்பாட்டோடு வரைந்துகொண்டிருந்தார். அவர் அரசியல் உரை எதனையும் நிகழ்த்தவில்லை. பறங்கியத் தாய்க்கும் சிங்களத் தந்தைக்கும் பிறந்தவருக்குக் கலந்து வாழ்வதென்பது தனியாக விளக்க வேண்டிய ஒன்றாக இருந்திருக்காது.

ஒதுக்கப்பட்ட பிற்காலம்

1960களில் அவரது தொழிலில் தொய்வு ஏற்பட்டது. தாயாரின் மறைவு அவரைப் பெரிதும் பாதித்தது. பெரிய அரசாங்கப் பணிகள் அவரை நாடி வரவில்லை. வாடிக்கையாளருடனும் ஒப்பந்தகாரருடனும் விட்டுக்கொடுத்துப் போகும் சுபாவம் அவருக்கு இருக்கவில்லை என்பதும் உண்மையே. ஓர் ஆணிடம் இருந்திருந்தால் கலைஞனின் ஓர்மம் என்று போற்றப்பட்டிருக்கக்கூடிய அதே குணம், பெண்ணிடம் காணப்பட்ட போது அடங்காத்தனமாகக் கருதப்பட்டது. அவர் நீண்ட பயணங்களை மேற்கொண்டு நாட்டுக்கு வெளியே காலங்கழித்தார்.

1970களில் லண்டனில் தங்கியிருந்த அவர், கட்டடக்கலை மாணவர்கள் உலகெங்கும் பயிலும் பனிஸ்டர் பிளெச்சரின் கட்டடக்கலை வரலாற்று நூலின் 1975 ஆம் ஆண்டுப் பதிப்புக்குத் தெற்காசியா பற்றிய பகுதியை எழுதினார். ஐரோப்பாவையே நடுநாயகமாகக் கொண்டிருந்த அந்நூலில் ஆசியாவைப் பற்றி ஓர் ஆசியப் பெண் எழுதியமை சிறிய விடயமன்று. தொடர்ந்து 1975 முதல் 1979 வரை ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலை வரலாற்றைக் கற்பித்தார். அதன் பின் மீண்டும் கண்டிக்குத் திரும்பி, கண்டிய கலைச் சங்கத்தின் நூற்றாண்டை ஒட்டிய கலாசார நிலையத்தை 1980களின் முற்பகுதியில் அமைத்தார். கைவினைஞர்களுக்கு வேலையும் சந்தையும் வேண்டும் என்று இளமையில் வாதாடியவரின் இறுதிப் பெரும் கட்டடம், அக்கைவினைகளுக்கான இல்லமாகவே அமைந்தமை பொருத்தமானதாகும்.

இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகம் 1996 இல் அவருக்குத் தங்கப்பதக்கம் வழங்கிக் கௌரவித்தது. அப்போது அவருக்கு வயது 78. அந்தக் கௌரவம் அவரது வறுமையைப் போக்கவில்லை. திருமணம் செய்துகொள்ளாத அவர், பழுதடைந்து கொண்டிருந்த செயின்ட் ஜோர்ஜஸ் இல்லத்தில், தமது வரைபடங்களையும் கடிதங்களையும் புகைப்படங்களையும் திரட்டித் தமது வாழ்க்கையைத் தாமே நூலாக்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார். குளியலறையில் வீழ்ந்து காயமுற்று, 1998 நவம்பர் 24 ஆம் திகதி கண்டி வைத்தியசாலையில் தமது எண்பதாவது வயதில் காலமானார். ஆசியப் பெண் கட்டடக் கலைஞர் ஒருவரின் வாழ்வும் பணியும் பற்றிய அந்த நூலின் முதற் பாகம் அதே ஆண்டில் வெளிவந்தது. இரண்டாம் பாகம் வெளிவரவேயில்லை.

அவரது கட்டடங்கள் பலவும் அவரைப் போலவே கவனிப்பாரற்றுப் போயின. சில இடிக்கப்பட்டன, சில அடையாளம் காணமுடியாதவாறு மாற்றப்பட்டன. பெற்றோரின் இல்லமும் பாழடைந்தது. மறுபுறத்தில், வெளியுலகம் அவரைத் தேடத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பின்னரான தெற்காசியக் கட்டடக்கலை பற்றி நியூயோர்க்கின் நவீன கலை நூதனசாலை 2022 இல் நடத்திய கண்காட்சியில் அவரது பணிகளுக்கும் இடமளிக்கப்பட்டது. வெளிநாட்டார் மதித்த பின்னரே நம்மவரின் அருமை நமக்குப் புலப்படுவது ஒன்றும் புதிய அனுபவமன்று.

இன்றும் கேட்கப்படாத கேள்வி

மினெட் டி சில்வாவை நினைவுகூர்வது, மறைந்தவர் ஒருவருக்கு மாலை சூட்டுவதற்காக மட்டுமன்று. வட்டபுளுவையில் அவர் கேட்ட கேள்விகள் இந்நாட்டில் இன்னமும் போதியளவு கேட்கப்படவில்லை என்பதனாலேயே அவர் நமக்குத் தேவைப்படுகின்றார்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடிய போது, அபாயமிக்கதென எச்சரிக்கப்பட்ட அந்த இடத்தில் அம்மக்கள் ஏன் வாழ்ந்துகொண்டிருந்தனர் என்ற கேள்வி எழுந்தது. அவர்களுக்குச் சொந்தக் காணி இருக்கவில்லை. தெரிவு செய்யும் உரிமையும் இருக்கவில்லை. 2016 இல் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட வடக்கு, கிழக்கு மக்களுக்கென 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் முன்மொழியப்பட்ட போதும், வெக்கையான வன்னி மண்ணுக்கு இரும்பு வீடு பொருந்துமா, உள்ளூர் மேசன்மாருக்கும் தச்சருக்கும் இதில் வேலை உண்டா என்ற கேள்விகள், திட்டம் தயாரான பின்னரே எதிர்ப்புக் குரல்களாக எழ வேண்டியிருந்தது. இதற்கு மாறாக, 2012 முதல் இந்திய உதவியுடன் முன்னெடுக்கப்பட்ட வீட்டுத் திட்டத்தின் பெரும்பகுதியில், பணம் கட்டங்கட்டமாக வழங்கப்பட்டு, வீட்டுக்காரரே முன்னின்று கட்டும் முறை பின்பற்றப்பட்டது. வீட்டுக்குரியவரை நம்பினால் அவரால் கட்ட முடியும் என்பதற்கு அது சான்றாகும்.

மலைச்சரிவை வெட்டாது வீட்டை அதற்கேற்ப அமைப்பதும், உள்ளூர்க் கைகளுக்கு வேலை கொடுப்பதும், வாழப்போகின்றவரிடம் முதலில் கேட்பதும் கலை நுணுக்கங்கள் மட்டுமல்ல. முதலாவது உயிர்ப் பாதுகாப்போடும், இரண்டாவது ஊரின் வயிற்றுப்பாட்டோடும், மூன்றாவது மனிதரின் மதிப்போடும் தொடர்புடையவை. தோட்டத் தொழிலாளப் பெண்ணுக்கும் வாக்கு வேண்டும் என்று தாய் ஆணைக்குழுவின் முன் கூறினார். தன் வீட்டைப் பற்றிச் சொல்வதற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் வேண்டும் என்பதை மகள் தமது தொழிலால் காட்டினார். தாயின் கோரிக்கை 1931 இல் சட்டமாயிற்று. மகளின் கோரிக்கையை எமது வீடமைப்புத் திட்டங்களின் முதற் பக்கத்தில் எழுதிக்கொள்வதற்கு ஆட்சியாளர்களும் அதிகாரிகளும் இனியேனும் முன்வர வேண்டும்.